அலியா, மார்சியானோவா? கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போமா!

மதுரையில் டீக்கடை இருக்கிற இடத்தில் விவாதமும் இருக்கும். தல்லாகுளம் பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு நாள் பேச்சு குத்துச்சண்டைக்குத் திரும்பியது. எல்லாம் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தின் புண்ணியம்.

“டைசன் முன்னாடி அலி நாலு ரவுண்டு தாங்க மாட்டாருண்ணே.”

“போடா! டைசன் அடிக்கிறதுக்கு அலி அங்க நிக்கணும்ல? ஆளு கையில சிக்கவே மாட்டாரு.”

பாதி டீ தீர்ந்தும் முடிவு வரவில்லை. உடனே எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளுதான? ரெண்டு பேரையும் உள்ள போட்டுத் தட்டிப் பாரு. யாரு ஜெயிப்பான்னு சொல்லிருமுல்ல?”

ஜாதகத்தைக் கையால் எழுதிக் கொடுத்தால் ஆயிரம் சந்தேகம் கேட்பவர்கள், அதையே ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போகிற ஊர் இது. அதனால் அந்த அண்ணன் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், இதே கேள்வியை 1967-ம் ஆண்டே ஒருவர் கம்ப்யூட்டரிடம் கேட்டிருக்கிறார். அதை வைத்துப் பணம் பண்ணியிருக்கிறார். கோர்ட்டு கேஸ் வரைக்கும் போயிருக்கிறது! முதலில் அந்தக் கதையைப் பார்த்துவிட்டு, பிறகு நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எக்செல் மூலம் ஒரு சண்டையை நடத்திப் பார்ப்போம்.

பஞ்ச் கார்டில் ஒரு குத்துச்சண்டை

அமெரிக்காவில் மயாமி நகரத்தைச் சேர்ந்தவர் முர்ரே வொரோனர். ரேடியோ நிகழ்ச்சிகள் தயாரிப்பவர். வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த 16 ஹெவிவெயிட் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குள் ஒரு நாக்-அவுட் டோர்னமெண்ட் நடத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ரிங்கில் அல்ல, கம்ப்யூட்டருக்குள்! என்.சி.ஆர். 315 என்ற இயந்திரம் இதற்குப் பயன்பட்டது. கடைகளில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்து பேர் வாங்கிய நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியின் தயாரிப்பு. டேட்டாவைப் பஞ்ச் கார்டில் துளை போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். அதன் மெமரி இன்றைய கணக்கில் சில பத்து கிலோபைட்தான். உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் கொள்ளாது.

உள்ளே என்ன போட்டார்கள்? குத்துச்சண்டை நிபுணர்கள், பத்திரிகை எழுத்தாளர்கள் ஆகியோரிடம் கருத்துக் கேட்டார்கள். ஒவ்வொரு வீரரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தி, காயம் படும் தன்மை இவற்றுக்கெல்லாம் எண்கள் கொடுத்தார்கள். அந்த எண்களை ஃபார்முலாக்களாக மாற்றினார்கள். கம்ப்யூட்டர் துப்பிய முடிவை வைத்து, நேரில் பார்த்து வர்ணிப்பது போலவே ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். கடைசியில் ஜாக் டெம்ப்ஸியைத் தோற்கடித்து ராக்கி மார்சியானோ சாம்பியன் ஆனார்.

முகமது அலி? கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுப் போனார். அதாவது 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்த ஒருவரிடம்!

இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்ததால் 1967-ல் அலியின் சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள். சண்டை போடும் லைசென்ஸும் போனது. மூன்றரை வருடம் ரிங்கில் ஏற முடியவில்லை. அதுவரை நிஜத்தில் யாரிடமும் தோற்காத மனிதரை, அவர் கை கட்டப்பட்டிருந்த நேரத்தில் ஓர் இயந்திரம் தோற்கடித்துவிட்டது. அதுவும் யாரிடம்? கறுப்பர் ஜாக் ஜான்சன் சாம்பியன் ஆனதைப் பொறுக்காதவர்கள் ‘வெள்ளையர்களின் நம்பிக்கை’ என்று சொல்லி 1910-ல் திரும்பக் கூட்டி வந்தார்களே, அந்த ஜெஃப்ரிஸிடம். (அந்த நிஜச் சண்டையில் ஜெஃப்ரிஸ் 15-வது ரவுண்டில் தோற்றார் என்பது வேறு விஷயம்.) அலி பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. மார்சியானோவுடன் ஒரு ‘கம்ப்யூட்டர் சண்டை’யில் நடிக்க அலி சம்மதித்தார். 1969-ல் மயாமியில் படப்பிடிப்பு. 1956-லேயே ஓய்வு பெற்றுவிட்ட மார்சியானோ இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். இப்படி முடிந்தால், அப்படி முடிந்தால் என்று பல முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எது கடைசி முடிவு என்று இருவருக்குமே சொல்லவில்லை. சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்து போனார். படத்தை அவர் பார்க்கவேயில்லை.

1970 ஜனவரி 20 அன்று ஒரே ஓர் இரவு மட்டும் சுமார் 1,500 தியேட்டர்களில் படம் ஓடியது. அமெரிக்காவில் காட்டிய பிரதியில் மார்சியானோ 13-வது ரவுண்டில் அலியை நாக்-அவுட் செய்தார். பிரிட்டனில் காட்டிய பிரதியில், மார்சியானோவின் முகம் கிழிந்து ரத்தம் கொட்டியதால் சண்டை நிறுத்தப்பட்டு அலி ஜெயித்தார்!

ஒரே கம்ப்யூட்டர், ஒரே வீரர்கள், இரண்டு முடிவுகள். அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்று அலி பிற்பாடு கிண்டலடித்தார். நிறப் பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலம் அது.

ஆனால் கம்ப்யூட்டர் பொய் சொன்னதா? இல்லை என்றே நினைக்கிறேன். ஒரே கணக்கில் இரண்டு முடிவும் வரலாம். எப்படி என்று நாமே செய்து பார்த்துவிடலாம்.

எக்செல் ரிங்கில் சண்டை

உங்களிடம் எக்செல் இருந்தாலும் சரி, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி. மொத்தம் இரண்டே இரண்டு எண்கள்தான் தேவை.

முதல் எண்: ஒரு ரவுண்டை அலி பாயிண்டில் ஜெயிக்கும் வாய்ப்பு. அலி ஆறடி மூன்று அங்குலம், கை எட்டும் நீளம் 78 அங்குலம். மார்சியானோ ஆறடிக்கும் குறைவு, கை நீளம் 68 அங்குலம்தான். தூரத்தில் நின்று குத்திவிட்டு நகர்வது அலிக்குச் சுலபம். அதனால் 0.6 என்று வைப்போம். பத்து ரவுண்டில் ஆறு அலிக்கு.

இரண்டாவது எண்: ஒரு ரவுண்டில் மார்சியானோ அலியை நாக்-அவுட் செய்யும் வாய்ப்பு. மார்சியானோ ஆடிய 49 சண்டையும் வெற்றி, அதில் 43 நாக்-அவுட். ஆனால் எதிரில் இருப்பது அலி. 0.03 என்று வைப்போம். நூறு ரவுண்டுக்கு மூன்று. அலி நாக்-அவுட் செய்ய மாட்டார் என்று கணக்கை எளிமையாக்கிக்கொள்வோம்.

இந்த இரண்டு எண்களையும் ஷீட்டின் முதல் வரிசையில் இரண்டு செல்களில் எழுதுங்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுச் சண்டை. முதல் நெடுவரிசையில் சண்டை எண். அடுத்த 15 நெடுவரிசைகளும் 15 ரவுண்டுகள் (அந்தக் காலத்தில் சாம்பியன்ஷிப் சண்டை 15 ரவுண்டு). ஒவ்வொரு செல்லிலும் ‘ரேண்ட்’ ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அது 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதாவது ஓர் எண்ணைத் தரும். அது 0.6-ஐ விடக் குறைவாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று ‘இஃப்’ போடுங்கள். 1 என்றால் ரவுண்ட் அலிக்கு. 0.6 என்று நேரடியாக எழுதாமல் முதல் வரிசை செல்லைச் சுட்டிக்காட்டுங்கள். சுட்டிக்காட்டிய கையோடு எஃப்4 கீயை அழுத்தினால் டாலர் குறிகள் விழுந்து அந்த செல் பூட்டிக்கொள்ளும். இதை மறந்தால், ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது எல்லாம் நழுவிப் போய்விடும். அலுவலகத்தில் எத்தனையோ தப்புக் கணக்குகளுக்கு இந்த ஒரு மறதிதான் காரணம்!

அதற்கடுத்த நெடுவரிசை நாக்-அவுட்டுக்கு. ஒரு ரவுண்டில் விழாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.97. பதினைந்து ரவுண்டும் தப்பிக்க 0.97-ஐப் பதினைந்து முறை பெருக்க வேண்டும். வருவது 0.63. அப்படியானால் எங்காவது ஒரு ரவுண்டில் விழும் வாய்ப்பு 0.37. ஒரு ரவுண்டுக்கு வெறும் மூன்று சதவீதம் என்று வைத்த எண், சண்டை முடிவதற்குள் 37 சதவீதமாக வளர்ந்துவிட்டது பாருங்கள்! இந்த செல்லிலும் ஒரு ‘ரேண்ட்’ போட்டு, அது 0.37-ஐ விடக் குறைவு என்றால் 1 வருமாறு எழுதுங்கள். 0.37 என்று தட்டாமல், பெருக்கலை ஃபார்முலாவாகவே வையுங்கள். அப்போதுதான் முதல் வரிசையில் 3 சதவீதத்தை மாற்றினால் இதுவும் மாறும்.

கடைசி நெடுவரிசையில் தீர்ப்பு. நாக்-அவுட் செல் 1 என்றால் மார்சியானோ. இல்லையென்றால் 15 ரவுண்டுகளின் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் அலி, குறைவாக இருந்தால் மார்சியானோ. இந்த வரிசையை ஆயிரம் வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். ‘கவுண்ட்இஃப்’ போட்டு யாருக்கு எத்தனை வெற்றி என்று எண்ணுங்கள். எஃப்9 கீயை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஆயிரம் சண்டையும் புதிதாக நடக்கும்!

என்ன வந்தது? எனக்கு 497, 511, 489 என்று ஐந்நூறைச் சுற்றியே ஆடியது. காகிதத்தில் கணக்குப் போட்டால் மார்சியானோவுக்கு 50.2 சதவீதம், அலிக்கு 49.8. சுண்டிவிட்ட காசு மாதிரி! ஆக, இதிலிருந்து ஒரே ஒரு சண்டையை மட்டும் எடுத்துப் படமாக்கினால், அமெரிக்காவுக்கு ஒரு முடிவு, பிரிட்டனுக்கு ஒரு முடிவு என்று இரண்டையும் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் காட்டலாம். ரேடியோ டோர்னமெண்டிலும் இதே கோளாறு உண்டு. 16 பேரில் நிஜமாகவே சிறந்தவர் ஒவ்வொரு சண்டையிலும் 70 சதவீதம் ஜெயிப்பார் என்று வையுங்கள். அவர் நான்கு சண்டையும் ஜெயித்துக் கோப்பை வாங்கும் வாய்ப்பு 24 சதவீதம்தான். சிறந்தவரே நாலில் மூன்று முறை வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்.

இனிதான் வேடிக்கை. முதல் வரிசையில் இருக்கும் 3 சதவீதத்தை 2 ஆக்குங்கள். அலி 58, மார்சியானோ 42. அதையே 5 ஆக்குங்கள். மார்சியானோ 64, அலி 36! அலியை ஒரு ரவுண்டில் மார்சியானோ வீழ்த்தும் வாய்ப்பு இரண்டு சதவீதமா, ஐந்து சதவீதமா என்று உலகத்தில் யாரால் அளந்து சொல்ல முடியும்? முடியாது. ஆனால் முழு முடிவும் அந்த ஓர் எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, எண்களைத் தொடவே வேண்டாம். ரவுண்டுகளை மட்டும் 15-லிருந்து 12 ஆக்குங்கள். (ஏழு ரவுண்டு எடுத்தால் வெற்றி, ஆறு என்றால் டிரா.) 1982-ல் கொரிய வீரர் கிம் டுக்-கூ ரிங்கில் பட்ட அடியால் இறந்த பிறகு உலகச் சாம்பியன்ஷிப் சண்டைகள் படிப்படியாக 12 ரவுண்டுக்குக் குறைக்கப்பட்டன. இப்போது அலி 46, மார்சியானோ 42, டிரா 12. மார்சியானோவுக்கு மூன்று ரவுண்டு நஷ்டம். அப்படியானால் எந்தக் காலத்து விதிகளில் சண்டை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்றைய எடைப் பிரிவுகளை வைத்தால் இந்தச் சண்டையே நடக்காது! சுமார் 85 கிலோ இருந்த மார்சியானோ இன்று ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட்.

இந்த ஷீட்டை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். எஃப்9-ஐ அழுத்தி அழுத்திக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மூணு சதவீதம்னு யாரு சொன்னது?” என்றார். “நான்தாண்ணே.” “அப்ப நீ சொல்லிருக்க. கம்ப்யூட்டரு எங்க சொல்லிச்சு?” பி.இ. படிக்கும்போது நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நறுக்கென்று கேட்டதில்லை.

எண்களை நாம் சொல்லாமல் இருக்க முடியாதா?

முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ் ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கியது. உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-ல் இதை ஏற்றுக்கொண்டது. யாருடைய கருத்தும் வேண்டாம், வெற்றி தோல்வி மட்டும் போதும். இருவருக்கும் 100 பாயிண்ட் வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் 64 சதவீதம் எடுப்பார்; 200 என்றால் 76; 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் பாயிண்ட் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். சுலபம்.

காலம் விட்டுக் காலம் ஒப்பிட மட்டும் இதற்கு ஒரு பாலம் தேவை. அலியும் மார்சியானோவும் மோதவில்லை. ஆனால் இருவருமே ஆர்ச்சி மூருடன் மோதியிருக்கிறார்கள். 1955-ல் மார்சியானோ அவரை 9-வது ரவுண்டில் வீழ்த்தினார். 1962-ல் அலி (அப்போது காஸியஸ் கிளே) 4-வது ரவுண்டிலேயே முடித்துவிட்டார். ஆகவே அலி பெரியவரா? அவசரப்படாதீர்கள். மார்சியானோவை எதிர்த்தபோதே மூர் நாற்பதை ஒட்டியவர். அலியை எதிர்த்தது அதற்கும் ஏழு வருடம் கழித்து. பாலத்தின் ஒரு முனை கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் நடந்து போய் இரண்டு கரைகளின் உயரத்தை எப்படி ஒப்பிடுவது? 1951-ல் ஜோ லூயிஸை மார்சியானோ வீழ்த்தியதும் இப்படித்தான். அந்த லூயிஸுக்கு வயது 37.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆறு முறை உலகச் சாம்பியனான மேரி கோமும், அவரைப் பார்த்து வளர்ந்த நிகத் ஜரீனும் 2019 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கான தேர்வில் நிஜமாகவே மோதினார்கள். கற்பனையே தேவைப்படாத, இரண்டு தலைமுறைச் சண்டை! மேரி 9-1 என்று ஜெயித்தார். அதோடு விவாதம் முடிந்ததா? நிகத் 2022-லும் 2023-லும் உலகச் சாம்பியன் ஆனார். 2022-ம் வருட நிகத்தையும் 2010-ம் வருட மேரியையும் மோத விட்டால் என்ன ஆகும் என்று விவாதம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. நிஜச் சண்டையின் முடிவும் அந்த நாளுக்கு, அந்த வயதுக்கு மட்டும்தான் சொந்தம்.

செஸ்காரர்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். பாபி ஃபிஷரின் உச்ச ரேட்டிங் 1972-ல் 2785. நம் விஸ்வநாதன் ஆனந்தின் உச்சம் 2011-ல் 2817. இதை வைத்து ஆனந்த் பெரியவர் என்று சொன்னால் செஸ் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் நடுவில் மொத்த ரேட்டிங்குகளுமே ஏறிவிட்டன. ஆனால் அவர்களிடம் ரேட்டிங்கை விட நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் ஆடிய ஆட்டமானாலும் ஒவ்வொரு காய் நகர்த்தலும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது! ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மாடெய் குயிட், இவான் பிராட்கோ இருவரும் 2006-ல் உலகச் சாம்பியன்கள் ஆடிய பட்டப் போட்டி ஆட்டங்களை ‘கிராஃப்டி’ என்ற செஸ் ப்ரோகிராமிடம் கொடுத்து, யார் எவ்வளவு தப்பு செய்தார்கள் என்று அளந்தார்கள். முதலிடம் வந்தவர் 1920-களின் சாம்பியன் காபபிளாங்கா. அந்த ப்ரோகிராமுக்கே அவ்வளவு ஆட்டம் தெரியுமா என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. ஆனாலும் அது கருத்தை எண்ணாக்கியது அல்ல, நடந்ததை அளந்தது.

குத்துச்சண்டையில் அப்படி எழுதி வைக்க ஆரம்பித்தது மிகவும் தாமதம். ‘கம்ப்யூபாக்ஸ்’ என்ற ப்ரோகிராம் 1985-ல்தான் வந்தது. ரிங் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு வீரரைக் கவனித்து, பட்ட குத்து, படாத குத்து என்று கீயைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அலி 1981-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய குத்துகளைப் பழைய ஃபிலிம்களைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

எண்ணுவதிலும் தொல்லை இருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளும் கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 குத்துகளும் பதித்ததாக டி.வி. கணக்குச் சொன்னது. நடுவர்கள் 3-2 என்று பார்க்கை ஜெயிக்க வைத்தார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு, 1992 ஒலிம்பிக்கிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்தது. ஐந்து நடுவர்கள் கையிலும் பட்டன். ஒரே நொடிக்குள் மூன்று பேர் அழுத்தினால்தான் ஒரு பாயிண்ட். என்ன நடந்தது? தெளிவாகத் தெரிகிற தனிக் குத்துக்குப் பாயிண்ட் விழுந்தது. நெருங்கி நின்று விலாவில் அடுக்கடுக்காகக் குத்துகிறவனுக்கு, மூன்று கட்டைவிரல்கள் ஒரே நொடியில் சேர்வதற்குள் சண்டையே முடிந்துவிடும். வீரர்கள் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். 2012 ஒலிம்பிக்கோடு அது கைவிடப்பட்டது. 2008-ல் விஜேந்தர் சிங் வாங்கிய வெண்கலமும், 2012-ல் மேரி கோம் வாங்கிய வெண்கலமும் அந்தப் பட்டன் முறையில் வந்தவை. டோக்கியோவில் 2021-ல் லவ்லினா வாங்கியது வேறு ஸ்கோரிங் முறையில். காலம் மாறும்போது ஆள் மட்டும் மாறுவதில்லை, அளவுகோலும் மாறிவிடுகிறது.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். அலங்காநல்லூர் வாடிவாசல் பக்கம் போனால், ‘அந்தக் காலத்து மாடு’ பற்றிப் பேச ஒரு பெருசாவது இருப்பார். ஆனால் 2017 சட்டத்துக்குப் பிந்தைய ஜல்லிக்கட்டில் திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும், டாக்டர் சோதனை உண்டு, ஆன்லைனில் பதிவு செய்து டோக்கன் வாங்க வேண்டும். அந்த மாடும் இந்த மாடும் வந்த வாசல் ஒன்றுதான், ஆட்டம் வேறு.

வடசென்னையிடம் இல்லாத டேட்டா

இனி நம் ஊர்ச் சண்டைக்கு வருவோம். முகமது அலியே 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியிருக்கிறார். எம்.ஜி.ஆர். அவரைச் சந்தித்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அவ்வளவு கூட்டம் கூடியது சும்மா இல்லை. வடசென்னையில் அதற்கு முன்பே பல தலைமுறைகளாகக் குத்துச்சண்டை ஊறிப் போயிருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து மோதுவார்கள். சார்பட்டாவின் கித்தேரி முத்து, நாட் டெர்ரியை வீழ்த்திய கதையை அங்கே இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2021-ல் படம் வந்த பிறகு அந்தப் பெயர்கள் மதுரை வரை வந்து சேர்ந்தன.

எங்கள் டீக்கடையில் அடுத்த கேள்வியும் அதுதான். “கித்தேரி முத்துவையும் பின்னாடி வந்த சார்பட்டாகாரங்களையும் போட்டுப் பாரேன்.”

ஷீட்டைத் திறந்தேன். முதல் வரிசையில் என்ன எண் எழுதுவது? மார்சியானோவுக்கு 49 சண்டைகளின் தேதி, ஊர், எதிராளி, எத்தனாவது ரவுண்டில் முடிந்தது என்பதெல்லாம் ‘பாக்ஸ்ரெக்’ போன்ற டேட்டாபேஸ்களில் கிடைக்கிறது. அவர் சண்டை போட்ட அதே 1940-களில் சென்னையில் சண்டை போட்டவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை என்னால் தேடி எடுக்க முடியவில்லை. அமெச்சூர் பக்கம் போனவர்களுக்குப் பரவாயில்லை. 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கி, பிறகு அர்ஜுனா விருதும் பெற்ற சென்னை வீரர் வி. தேவராஜனைத் தேடினால் கிடைக்கிறார். பரம்பரைக்காரர்கள் கிடைப்பதில்லை. அவர்கள் சண்டை போட்டது ஆயிரக்கணக்கானோர் முன்னால்தான். போஸ்டர் ஒட்டி, டிக்கெட் விற்று நடத்தியதுதான். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. பார்த்தவர்களில் மீதி இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

வடசென்னையில் உங்களுக்கு உறவினர் யாராவது இருந்தால், அடுத்த முறை போகும்போது கையோடு ஒரு ஸ்பிரெட்ஷீட் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு சண்டைக்கு ஒரு வரிசை. வருடம், இடம், இருவர் பெயர், யார் எந்தப் பரம்பரை, எத்தனை ரவுண்டு, எப்படி முடிந்தது என்று நெடுவரிசைகள் போதும். வருடம் சரியாகத் தெரியாவிட்டால், “எந்தத் தேர்தலுக்கு முன்னாடி? எந்த எம்.ஜி.ஆர். படம் ஓடின வருஷம்?” என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்குள் வந்துவிடும். அப்படி வந்த வருடத்தைத் தனி நெடுவரிசையில் ‘தோராயம்’ என்று குறியுங்கள். கேட்டதையும் நிச்சயமாகத் தெரிந்ததையும் ஒரே செல்லில் கலக்க வேண்டாம். கடைசி நெடுவரிசையில், யார் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா அல்லது கேள்விப்பட்டதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே சண்டையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டு வரிசையாகவே போடுங்கள். பரம்பரை மாறினால் வெற்றியாளரும் மாறுவார், அதையும் டேட்டா என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்! வீட்டில் பழைய நோட்டீஸ், டிக்கெட், போட்டோ ஏதாவது இருந்தால் மொபைலில் படம் பிடித்து, ஃபைல் பெயரில் அந்த வரிசை எண்ணைக் கொடுங்கள்.

தமிழில் அடிக்கும்போது யூனிகோடில்தான் அடியுங்கள். 2000-களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு ஃபாண்டில் அடித்து வைத்த எத்தனையோ ஃபைல்கள் இன்று திறந்தால் புரியாத எழுத்துகளாக நிற்கின்றன. எக்செல் ஃபைலோடு ஒரு சி.எஸ்.வி. பிரதியும் சேமித்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது பட்டியலில் ‘யு.டி.எஃப்-8’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சி.எஸ்.வி.யைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.